மூன்று லிட்டர் நண்பனும் ஆப்பிள் ஜூஸ் தம்பியும்

கேள்வி: அக்கா, நான் ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். படிக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் நண்பன் ஒருவன் செப்டம்பரில் அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வருகிறான். மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் குடிப்பதில்லை. அவனுக்கோ அளவு தெரியாது. கோவாவில் ஒருமுறை விடிய விடிய அவனைத் தேடி அலைந்தேன். இணையத்தில் ஆளுக்கு 180 யூரோவுக்குச் சனிக்கிழமை ராத்திரி டிக்கெட் இருக்கிறது, எடு என்கிறான். எடுக்கலாமா? குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை? மாட்டேன் என்றால் நட்பு கெட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், ஆகன்

பதில்: தம்பி, அந்த 180 யூரோவைப் பையிலேயே வையுங்கள். அக்டோபர்ஃபெஸ்டுக்கு டிக்கெட்டே கிடையாது. திடலுக்குள் நுழைவது இலவசம், பீர் ஊற்றும் கூடாரத்துக்குள் நுழைவதும் இலவசம். முன்பதிவு என்பது எட்டுப் பத்துப் பேர் உட்காரும் முழு மேஜைக்கு, அந்தந்தக் கூடாரத்தாரிடம் நேரடியாகச் செய்வது. இடையில் யாரோ உடைத்து விற்கும் இரண்டு இடங்களை நம்பிப் போனால், வாசலில் நிற்கும் ஆள் உங்களை உள்ளே விடவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

அடுத்து அந்தச் சனிக்கிழமை ராத்திரி. உங்கள் கவலை முழுவதும் அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன், ஒருமுறை ராத்திரியில், ஒருமுறை பகலில். இரண்டும் ஒரே திருவிழா என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். ராத்திரியில் பெஞ்சு மேல் ஏறி நின்று தொண்டை கிழியப் பாடுகிறார்கள் (பெஞ்சு மேல் ஏறலாம், மேஜை மேல் ஏறினால் வெளியே தள்ளிவிடுவார்கள்). பகலில் பேரப்பிள்ளையோடு தாத்தா பாட்டி உட்கார்ந்து கோழி சாப்பிடுகிறார்கள். இது தற்செயல் இல்லை. 2005 முதல் அங்கே ஒரு விதி: மாலை 6 மணி வரை கூடாரங்களில் பழைய பித்தளை வாத்திய இசை மட்டும்தான், அதுவும் 85 டெசிபலுக்குள். ஆறு அடித்ததும் ஒலியைக் கூட்டுவார்கள், கூட்டத்தின் குணமும் மாறிவிடும்.

அதனால் செவ்வாய்க்கிழமை போங்கள், தம்பி. அன்று இரவு 7 மணி வரை குடும்ப நாள், ராட்டினங்களுக்கெல்லாம் கட்டணம் குறைவு. காலை 10 மணிக்கே பீர் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். பதினொன்றுக்குள் போய்விட்டால் இரண்டு பேருக்கு இடம் கிடைப்பது சுலபம். இடம்தான் அங்கே முக்கியம், உட்காராதவனுக்குக் கூடாரத்துக்குள் பீர் கொண்டுவர மாட்டார்கள். 'இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?' (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்கள் மேஜையில் உட்காருவது அங்கே சாதாரணம். மாலைக்கு யாராவது பதிவு செய்த மேஜை என்றால் அந்த நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். நண்பனைக் கிளப்ப உங்களுக்கு அதுவே நல்ல சாக்கு!

இனி நண்பனுக்குப் புரியும் பாஷையில் ஒரு கணக்கு. ஊரில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் குடித்துப் பழகியவன், அங்கே 6 சதவீதம்தானே என்று அலட்சியமாக இருப்பான். அளவைப் பார்க்க மாட்டான். அங்கே ஒரு குவளை, அதாவது ஒரு 'மாஸ்', முழு ஒரு லிட்டர். அதில் 60 மில்லி சுத்தமான ஆல்கஹால். டாஸ்மாக் குவாட்டர் ஒன்றில் 77 மில்லி. ஆக, இரண்டு மாஸ் என்றால் ஒன்றரைக் குவாட்டர், மூன்று மாஸ் ஏறக்குறைய இரண்டேகால் குவாட்டர். லேசான இனிப்போடு தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதால் ஏறுவது தெரியாது. போதாக்குறைக்கு வாத்தியக்காரர்கள் அடிக்கொருதரம் 'ஐன் ப்ரோசிட்' என்ற குடிவாழ்த்துப் பாட்டைத் தொடங்குவார்கள், கூடாரமே குவளையைத் தூக்கும். என்னைக் கேட்டால் அதைவிடக் கெட்டிக்கார விற்பனைத் தந்திரம் உலகத்தில் கிடையாது. 2025இல் ஒரு மாஸ் 14.50 முதல் 15.80 யூரோ வரை விற்றது. கொண்டுவந்து வைத்த கையோடு காசு கொடுக்கவேண்டும், கூட ஓரிரு யூரோ டிப்ஸ். நோட்டாக எடுத்துப் போகச் சொல்லுங்கள், 50 யூரோவுக்கு மேல் வேண்டாம். பை காலியானால் கச்சேரி முடிந்தது.

குடிக்காதே என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். உங்களுக்காகக் கேட்கமாட்டான், கேட்டாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஃபிராங்க்ஃபர்ட்டில் ரயில் ஏறும் முன்பே நேரத்தை மட்டும் பேசி முடியுங்கள்: 'டேய், ஆறு மணிக்கு நான் கிளம்பிடுவேன். நீ வந்தா சந்தோஷம். வரலைன்னா ரூம் சாவி ஒண்ணு உன் பையில இருக்கு, விலாசமும் எழுதி வச்சிருக்கேன்.' சொன்னபடி ஆறு மணிக்கு எழுந்திருங்கள். கோவாவில் நீங்கள் தேடி அலைந்ததால்தான், இங்கேயும் தேடுவீர்கள் என்ற தைரியத்தில் வருகிறான். அதற்காக, நிற்கவே முடியாத நிலையில் இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திடலிலேயே மருத்துவ நிலையம் இருக்கிறது, 2022 முதல் அங்கே சி.டி. ஸ்கேன்கூட வைத்திருக்கிறார்கள். அங்கே கூட்டிப் போங்கள். தூக்கிச் சுமந்துகொண்டு டாக்சி தேட வேண்டாம்.

கூட்டத்தில் செல்போனை நம்பாதீர்கள். எடுத்தாலும் சத்தத்தில் காதில் விழாது. பிரிந்துவிட்டால் திடலின் ஓரத்திலிருக்கும் பவாரியா சிலையின் காலடியில் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1850இல் நிறுவிய வெண்கலச் சிலை, 18 மீட்டருக்கு மேல் உயரம். எவ்வளவு போதையிலும் கண்ணில் படும். அதற்குக் கீழே, கூடாரங்களுக்குப் பின்பக்கத்துப் புல்மேட்டில் பகலிலேயே சிலர் மல்லாந்து கிடப்பார்கள். அதை நண்பனுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.

குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்கள். 1810இல் அந்தத் திருவிழா தொடங்கியதே பீருக்காக இல்லை. பவாரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக், தெரேசாவை மணந்தபோது ஊருக்கு வெளியே புல்வெளியில் நடந்த குதிரைப் பந்தயம்தான் தொடக்கம். மணமகள் பெயரில்தான் திடல் இன்றும் தெரேசியன்வீஸ. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'வீஸ்ன்' என்பார்கள். நீங்கள் ஆப்பிள் ஷோர்லே வாங்கிக்கொள்ளுங்கள், ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். (ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், விரதம் போல் கடைப்பிடிப்பவர் என்றால் கவனம்.) தண்ணீரே லிட்டர் 10 யூரோவுக்கு மேல் என்பதுதான் வயிற்றெரிச்சல். சாப்பாட்டுக்கு அரைக் கோழி சொல்லுங்கள், உள்ளங்கையைவிடப் பெரிய பிரெட்செல் (முறுக்கு போல் முறுக்கிச் சுட்ட ரொட்டி) சொல்லுங்கள். சைவம் என்றால் கேஸ ஷ்பெட்ஸ்ல, பாலாடைக்கட்டியில் புரட்டிய, முட்டை சேர்த்த குட்டி நூடுல்ஸ். முட்டையும் ஆகாது என்றால் பிரெட்செலும், உப்பிட்டுச் சுருளாகச் சீவிய முள்ளங்கியும் இருக்கின்றன.

பிறகு 'டோபோகான்' என்ற சறுக்குமரத்தின் முன்னால் போய் நில்லுங்கள். வேகமாக மேலேறும் பட்டையில் கால் வைத்து ஏறவேண்டும். இரண்டு மாஸ் உள்ளே போனவர்கள் அதில் ஏறப் பார்த்துக் குப்புற விழுவதை ஊரே நின்று பார்க்கும். நான் அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தேன். 'கிரினோலீன' என்று 1924 முதல் சுற்றிவரும் ராட்டினம் ஒன்றும் இருக்கிறது, வாத்தியக் குழு வாசிக்க வாசிக்க ஊஞ்சல் போல மெதுவாக ஆடிச் சுற்றும்.

இன்னும் சில. முதுகுப் பையை அறையிலேயே வையுங்கள், 3 லிட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் குவளையை நினைவுக்கு என்று தூக்கி வந்தால் அது திருட்டு, கடையில் வாங்கிக்கொள்ளலாம். குடித்தவன் வாடகை மின்-ஸ்கூட்டரில் ஏறவே கூடாது, கார் ஓட்டுபவனுக்கு உள்ள அதே ஆல்கஹால் வரம்புதான் அதற்கும். அங்கே ஆண்கள் போடும் பாரம்பரியத் தோல் அரைக்கால்சட்டையை அவன் வாங்கியே தீருவேன் என்றால் வாங்கட்டும், நீங்கள் சாதாரணச் சட்டையிலேயே போகலாம்.

தங்குவதற்கு மியூனிக்கில் தேடாதீர்கள், அந்த வாரங்களில் வாடகை கண்ணைக் கட்டும். ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஆக்ஸ்பர்க். ஆறு மணிக்குக் கிளம்பினால், ராத்திரிச் சாப்பாட்டை அங்கே போய் நிதானமாகச் சாப்பிடலாம். இப்போதே அறை போட்டுவிடுங்கள்.