கொழுப்பு குறைந்த பிறகும் கோல்சிசின் எதற்கு?

கேள்வி: வயது 58. ஓராண்டுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) இப்போது 62. ஆனால், அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி ரத்தப் பரிசோதனையில் 3.8 வந்ததால் டாக்டர் கோல்சிசின் 0.5 மி.கி. எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் ‘இது கௌட் மூட்டுவலி மாத்திரை’ என்கிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், சிறுநீரகம் நன்றாக இருந்தால். கௌட்டுக்கும் இதே மாத்திரைதான். இரண்டு இடத்திலும் அது தணிப்பது அழற்சியைத்தான்.

இதயத் தமனியின் உட்சுவரில் எல்டிஎல் தேங்கும்போது, அதை அகற்ற வெள்ளணுக்கள் உள்ளே நுழைகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரை செல்களாக உப்பி, பல அங்கேயே மடிகின்றன. கொலஸ்ட்ரால் படிகமாக உறையும்போது இந்தச் செல்களிலிருந்து இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சியைத் தூண்டும் புரதம் வெளியாகி, இன்னும் பல வெள்ளணுக்களை வரவழைக்கிறது. அவை சுரக்கும் நொதிகள் கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. ஸ்டென்ட் வைத்த இடம் சரியாக இருந்தாலும், மற்ற இடங்களில் இது தொடரலாம். உங்கள் ரத்தத்தில் அளந்த சிஆர்பி, இந்த அழற்சிக்குக் கல்லீரல் காட்டும் எதிர்வினை.

இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசியை மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து, 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை 15% குறைந்தன. எல்டிஎல் குறையவே இல்லை. ஆனால், உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, விலையும் மிக அதிகம். 2018-ல் வெளியான ஆய்வில், அழற்சியைத் தணிக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இதயத்துக்குப் பலன் தரவில்லை. அதனால், எந்த அழற்சி மருந்தும் இதயத்துக்கு உதவும் என்று நினைத்துவிட முடியாது.

கோல்சிசின் மலிவானது. நாள்பட்ட இதயத் தமனி நோய் நிலையாக இருந்த 5,522 பேரிடம் நடந்த ஆய்வில் (2020) இதயப் பாதிப்புகள் 31% குறைந்தன. 2023-ல் அமெரிக்க மருந்து ஆணையம் இந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. மாரடைப்பு வந்தவுடனே தொடங்கியவர்களிடம் 2024-ல் வெளியான பெரிய ஆய்வு பலன் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஓராண்டைத் தாண்டி நிலையாக இருப்பவர் என்பதால், 2020 ஆய்வுதான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

நம் செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்சிசின்தான். கண்வலிக்கிழங்கு என்று மூலனூர் பக்கம் பயிரிடுவது விதைக்காக. அதை நம்பிக் கிழங்கை நாட்டு மருந்தாகச் சாப்பிட்டுவிடாதீர்கள், கொடிய விஷம்.

தொடங்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை இரண்டையும் பாருங்கள். சளி, காய்ச்சல், பல் சீழ் இருந்த நேரத்தில் சிஆர்பி எடுத்திருந்தால், குணமாகி 2-3 வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ஸ்டாட்டின், ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. இது அவற்றோடு சேர்ப்பது. புகை பிடிப்பவரென்றால் அதை விடுவதுதான் முதல் வேலை. ‘அழற்சிதானே’ என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போட வேண்டாம், அவை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும்.

அப்புறம், தொற்றுக்காக யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால், கோல்சிசின் சாப்பிடுவதை அவசியம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் கோல்சிசின் உடம்பில் தேங்கி ஆபத்தாகும். தொடர் வயிற்றுப்போக்கோ தசைவலியோ சோர்வோ வந்தால், அடுத்த மாத்திரை போடும் முன் டாக்டரைப் பாருங்கள்.