மூச்சுத் திணறுபவரைக் குப்புறப் படுக்க வைப்பது ஏன்?

கேள்வி: அண்ணனுக்கு நிமோனியா முற்றி ஐசியுவில் வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள். நேற்று போய்ப் பார்த்தால் ஆளைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள், முகமெல்லாம் வீக்கம். மூச்சே விட முடியாதவரை நெஞ்சு அமுங்கப் போட்டால் இன்னும் மோசமாகாதா?

பதில்: பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நெஞ்சு அமுங்குவதைவிட முதுகு அமுங்குவதுதான் இங்கே பெரிய தொல்லை. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது நீர் கோத்துக் கனத்துப்போன நுரையீரலும் அதன் மேல் இதயமும் சேர்ந்து அந்தப் பகுதியை நசுக்க, அங்குள்ள காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ரத்தமோ அங்கேதான் அதிகம் ஓடுகிறது, காற்றைச் சந்திக்காமலே திரும்பிவிடுகிறது. குப்புறப் போட்டதும் முதுகுப் பக்கம் விரிகிறது, ரத்த ஓட்டம் பெரும்பாலும் அங்கேயே தொடர்கிறது, ஆக ஆக்சிஜன் ஏறுகிறது.

சரி, ஆக்சிஜன் ஏறினால் போதுமா? போதாது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளைத் தினமும் சராசரியாக 7 மணி நேரம் குப்புற வைத்தார்கள். ஆக்சிஜன் கூடியது, இறப்பு குறையவில்லை. அப்புறம் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், நிலைமை கடுமையாக இருந்தவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் வைத்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள், மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புற இருந்தவர்களில் 16 சதவீதம். வென்டிலேட்டர் தள்ளும் காற்று ஒரே பக்கத்தைப் போட்டு உப்ப வைக்காமல் நுரையீரல் முழுக்கப் பரவுவதால், அந்த இயந்திரமே உண்டாக்கும் காயம் குறைகிறது, முக்கியமான லாபம் அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் மானிட்டரில் எண் ஏறவில்லையே என்று தவிக்காதீர்கள்.

முக வீக்கம் மல்லாத்திய பிறகு மெல்ல வடியும். கன்னம், தாடை, நெஞ்சு, முட்டியில் புண் வரலாம், அதற்காகத்தான் தலையை அவ்வப்போது திருப்பி வைப்பார்கள். புரட்டும் நேரம்தான் ஆபத்தானது: ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும், குழாய் நழுவினால் விபரீதம். அண்ணன் மயக்க மருந்தில் இருப்பார், வலி தெரியாது. முதுகெலும்பு முறிந்து நிலையில்லாமல் இருப்பவர்களுக்கு இதைச் செய்ய மாட்டார்கள்; மூளையில் அழுத்தம் கூடியவர்களுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

கேள்வி: வீட்டில் மூச்சு வாங்கினால் குப்புறப் படுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. கொரோனா காலத்தில் விழிப்போடு இருந்தவர்களையும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு வென்டிலேட்டர் வரை போகாமல் தப்பிக்க அது உதவியது உண்மைதான். ஆனால் அது மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, பக்கத்தில் ஆள் வைத்துக் கண்காணித்துச் செய்தது. உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டாலோ, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.