ஃபெரிட்டின் கூடினால் இரும்புச்சத்து கூடுதலா?

கேள்வி: மகனுக்கு 14 வயது, குண்டு. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல். ஃபெரிட்டின் 180, ஹீமோகுளோபின் 11.6. இரும்பு அதிகம் என்று கீரையை நிறுத்திவிட்டோம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறான். ஏன்? - வாசகி, கரூர்

பதில்: கீரையை மறுபடி கொடுங்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். உடலில் அழற்சி இருந்தாலே அது ஏறும்; கொழுப்புக் கல்லீரலில் இது சகஜம். அதை மட்டும் வைத்து இரும்பு மிகுதி என்று சொல்ல முடியாது. உடல் பருமனில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும்; இருப்பில் உள்ளதும் ரத்தத்துக்கு வராது. 12-14 வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகைதான். தசைக்கு ஆக்ஸிஜன் குறைவதால் மூச்சு வாங்கலாம். எடையும் பயிற்சியின்மையும் சேர்ந்திருக்கும்.

காலையில் வெறும் வயிற்றில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு) சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் பற்றாக்குறை. 45-ஐத் தாண்டினால்தான் மிகுதி பற்றிய சந்தேகம். ரிசல்ட் வருமுன் இரும்பு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டோடு டீ கூடாது, எலுமிச்சை நல்லது. நடை 15 நிமிடத்தில் தொடங்கட்டும். வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, தினம் 60 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பாட்டில் குளிர்பானத்தை அடியோடு நிறுத்துங்கள், கல்லீரலுக்கு அதுதான் முதல் வைத்தியம்.