கணினிக் கேள்வி-பதில்: பில்லில் தொகை நேராக நிற்க

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்காகப் பைத்தான் மொழியில் பில் அச்சிடும் நிரல் எழுதியுள்ளேன். தொகை 1,234,567.50 என்று வருகிறது, அது 12,34,567.50 என்று வர வேண்டும். அகலம் 20 என்று கொடுத்தும், தமிழில் உள்ள பொருட்பெயர்களுக்கு அடுத்த பத்தி (நெடுவரிசை) கோணலாகவே நிற்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி வைத்து எழுதும் வடிவக் குறியீட்டில் நீங்கள் காற்புள்ளியைச் சேர்த்திருப்பீர்கள். அது எப்போதும் மும்மூன்று இலக்கங்களாகவே பிரிக்கும். பைத்தானுடன் வரும், அந்தந்த நாட்டு எண் வழக்கைத் தரும் லோகேல் தொகுதியில் இந்திய அமைப்பைத் தேர்ந்தால் லட்சம், கோடி முறையில் பிரிக்கலாம். ஆனால் அந்த அமைப்பு கணினியில் இல்லையென்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். பட்டறையில் எந்தக் கணினி இருக்கும் என்பது நம் கையில் இல்லாததால், பிரிப்பு விதிகளைத் தன்னுடனே கொண்டுவரும் பேபல் நூலகத்தையே நான் பரிந்துரைப்பேன். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் கட்டாயம் என்பதையும் அதன் வடிவத்தில் சொல்லிவிடுங்கள். இவ்வாறு கிடைக்கும் தொகை எண்ணாக அல்லாமல் சரமாகவே (எழுத்துத் தொடராக) வரும் என்பதைக் கவனிக்க வேண்டும்: பைத்தான் எண்களைத் தானாகவே வலப்புறம் ஒட்டி வைக்கும், சரங்களையோ இடப்புறம் ஒட்டும். எனவே அகலத்துக்கு முன் ‘>’ குறியை இடாவிட்டால் பைசாக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையா.

பத்தி கோணுவதற்குக் காரணம் வேறு. அகலத்தைக் கணக்கிடும்போது பைத்தான் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறிகளையே எண்ணுகிறது. ‘ஆத்தங்குடி’ நமக்கு ஆறு எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே சேர்வதால் பைத்தானுக்குப் பத்து. ஆகவே 14 இடைவெளி வர வேண்டிய இடத்தில் 10 மட்டுமே வரும். ‘கல்’ என்ற சொல்லுக்கோ ஒன்றுதான் குறையும். யூனிகோடுடேட்டா தொகுதியின் துணையோடு புள்ளி, உயிர்க்குறி ஆகிய சார்புக் குறிகளை நீக்கி எண்ணி, இடைவெளியை நீங்களே நிரப்பலாம். அப்போதும் ‘ஆ’வும் ‘ட’வும் ஒரே அகலத்தில் அச்சாவதில்லை என்பதால் முழு நேர்த்தி கிடைக்காது. தொகையையும் எண்ணிக்கையையும் முதல் பத்திகளில் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுங்கள். பெயருக்குப் பின் எதுவும் இல்லாதபோது கோணுவதற்கும் எதுவும் இராது. பெயர்தான் முதலில் வர வேண்டுமென்று பட்டறைக்காரர் வற்புறுத்தினால், இடைவெளியை நம்பாமல் எச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) அட்டவணையாக அச்சிடுவதே சரி.

கேள்வி: வட்டிக் கணக்கில் 2.675 என்பதை இரண்டு தசம இலக்கத்தில் அச்சிட்டால் 2.67 என்று வருகிறது. 2.68 அல்லவா வர வேண்டும்?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: இரும எண்முறையில் 2.675 துல்லியமாக அடங்காது. நினைவகத்தில் இருப்பது அதைவிட மிக நுண்ணிய அளவு குறைந்த ஓர் எண். வடிவக் குறியீடு அதை முறையாகவே முழுமையாக்கி (ரவுண்ட் செய்து) 2.67 என்கிறது. பணக் கணக்குக்கு, பதின்ம முறையிலேயே கணக்கிடும் டெசிமல் தொகுதியைப் பயன்படுத்தி, மதிப்பை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்து, பாதியை மேல்நோக்கி முழுமையாக்கும் விதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். மேலும், வடிவக் குறியீடு அச்சாகும் உருவத்தை மட்டுமே மாற்றும், உள்ளிருக்கும் மதிப்பை மாற்றாது. ஆதலால் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள தொகையை முதலில் முழுமையாக்கி, அதன் பிறகே கூட்ட வேண்டும். இல்லையேல் பேரேட்டில் அந்தத் தொகைகளைக் கையால் கூட்டிப் பார்ப்பவருக்கு ஒரு பைசா உதைக்கும்.