முனுசாமி எந்தப் பெயரில் இறந்தார்?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, 1890-களில் குடியாத்தத்துப் பக்கமிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போனார். அவருடைய அப்பா பெயர் கந்தன். சில வருடம் கடிதம் வந்ததாம், பிறகு நின்றுவிட்டது. இறந்த நாள் தெரிந்தால் திதி கொடுக்கலாம் என்கிறார் அம்மா. 'முனுசாமி' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.
- வாசகி, வேலூர்

பதில்: அம்மாவின் ஆசை நியாயமானது. விட்டுவிடாதீர்கள்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெயர் பதிந்த குமாஸ்தா, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி அங்கே மூன்சாமி, முனிசாமி, மூனசாமி என்று பலவாறாகக் கிடக்கிறார். கந்தனின் முதலெழுத்துகூட 'கே'யாகவோ 'சி'யாகவோ இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, காதுக்கு ஒத்து வரும் எழுத்துகளையெல்லாம் தேடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. அங்கே கட்டாயம் கேட்டார்கள். சிலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. சிலருக்குச் சாதிப் பெயர்: கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். ஆகவே உங்கள் பெரிய தாத்தாவின் மரணம் 'கந்தன்' என்ற பெயரின் கீழே பதிவாகியிருக்கலாம். அவருடைய பிள்ளைகளோ 'முனுசாமி'யைக் குடும்பப் பெயராக வைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

பெயர் எத்தனை மாறினாலும் மாறாதது அவருடைய காலனி எண். நேட்டாலில் ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் எண்ணோடு அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), ஊர் எல்லாம் இருக்கும். வட ஆற்காடு ஜில்லா, அப்பா கந்தன், இந்த இரண்டையும் வைத்து முதலில் அந்த எண்ணைப் பிடியுங்கள். வயதை நம்பாதீர்கள், குத்துமதிப்பாகச் சொன்னதுதான். ஊர்ப் பெயரும் சிதைந்திருக்கும்.

எண் கிடைத்ததும் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். இந்தியக் குடியேறிகள் துறையின் கோப்புகள் அங்கே இருக்கின்றன. சொத்து ஏதும் விட்டுப்போயிருந்தால் அதற்கென்று தனிக் கோப்பு திறந்திருப்பார்கள். அதில் இருக்கும் மரண அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் எழுதுவது வழக்கம். அங்கேயும் இல்லையென்றால் மெட்ராஸ் திரும்பிய கப்பல்களையும் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் ஏராளம்.

தேதி கிடைக்கும்வரை அம்மாவைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. இந்தப் புரட்டாசியிலேயே முனுசாமி பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லுங்கள்.