கவாத்துக் குச்சியில் குடியிருக்கும் கருப்புத் தேனீ

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஏக்கரில் ரோஜா வைத்திருக்கிறேன். கவாத்து செய்த கிளைகளின் நுனியில் துளைகள் தெரிகின்றன. சில கிளைகள் நுனியிலிருந்து கருகி வருகின்றன. ஒரு குச்சியைப் பிளந்தபோது, வெவ்வேறு பருமனில் வெள்ளைப் புழுக்களும், முகத்தில் வெளிறிய கோடுள்ள நான்கைந்து சிறிய கருப்பு ஈக்களும் தடுப்பில்லாத ஒரே குழாயில் இருந்தன. தண்டுத் துளைப்பான் என்று கூறிக் கடைக்காரர் குளோர்பைரிபாஸும் இமிடாகுளோபிரிடும் கொடுத்துள்ளார். அடிக்கலாமா? பக்கத்துப் பந்தலில் பாகற்பிஞ்சுகளும் மஞ்சளாகி உதிர்கின்றன.

பதில்: மருந்துப் பாட்டில்களைத் திறக்க வேண்டாம்; கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்வாரானால் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பிளந்தது ஒரு தேனீக் குடும்பத்தின் வீடு. தாயும் மகள்களும் ஒன்றாக வாழ்ந்து, அறை பிரிக்காமல், எல்லாப் புழுக்களையும் ஒரே குழாயில் வைத்து, அவ்வப்போது மகரந்தம் ஊட்டி வளர்க்கும் பிரவுன்சாபிஸ் என்ற பேரினத்துத் தேனீ அது. (தென்னாப்பிரிக்காவில் மருத்துவராக இருந்துகொண்டே பூச்சிகளை ஆராய்ந்த பிரவுன்ஸ் என்பவரின் பெயரை 1969இல் இதற்குச் சூட்டினார்கள்.) குழாயில் தக்கைத் துகளால் தடுப்புகள் இருந்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு மகரந்த உருண்டை இருந்திருந்தால், அதன் உறவான செரட்டினா என்று சொல்லியிருப்பேன். தண்டுத் துளைப்பான் உயிருள்ள தண்டின் பக்கவாட்டில் துளையிட்டு மரத்தூளைத் தள்ளும். இத்தேனீயோ வெட்டுமுகத்தில் ஏற்கெனவே திறந்து கிடக்கும் காய்ந்த தக்கையை மட்டுமே குடையும். குச்சியைப் பிளந்து பார்க்கும் பொறுமை விவசாயிக்கு இருந்தது, மருந்து விற்றவருக்கு இல்லை.

கருகலுக்குத் தேனீ காரணமன்று. கவாத்து வெட்டின் வழியே இறங்கும் பூசணமே காரணம். கருகிய பகுதிக்குக் கீழே நல்ல தண்டு தெரியும்வரை கூர்மையான கத்தரியால், வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டி, அன்றே போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) தடவுங்கள். பசை பூசிய வெட்டைத் தேனீயும் பெரும்பாலும் நாடாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கவாத்துக் கழிவையும் வரப்போரத்துக் காய்ந்த குச்சிகளையும் ஒன்றுவிடாமல் கூட்டி எரித்து, தோட்டம் 'சுத்தமாக' இருப்பதாகப் பெருமைப்படும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தேன்பெட்டிக்கு மானியம் எப்போது வரும் என்று விசாரிப்பவர்களே காசில்லாமல் குடிவந்த தேனீக்களுக்குத் தீ வைக்கிறார்கள். கருகிய குச்சிகளை எரியுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. நோயற்ற, பென்சில் பருமனுள்ள குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நுனியில் தக்கை தெரியும்படி, இருபது முப்பதாகச் சேர்த்துக் கட்டி, மழைச்சாரல் படாத வேலியோரத்தில் படுக்கைவாக்கில் தொங்கவிடுங்கள். வேலியில் உண்ணிச்செடி இருந்தால் அதை வளர்க்கச் சொல்லமாட்டேன். வெட்டியபின் அதன் உலர்ந்த குச்சியும் இதே கட்டுக்கு உதவும். கட்டுகளை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள். உள்ளே ஏதேனும் ஒரு தலைமுறை எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும்.

உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டியது பாகலைப் பற்றித்தான். பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால், மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கப் பூச்சி வராத பிஞ்சு மஞ்சளாகி உதிரும். உதிர்ந்த பிஞ்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை, இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இந்தச் சிறு தேனீ மட்டும் உங்கள் பந்தலைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. கொசுத்தேனீ, அடுக்குத்தேனீ, செரட்டினா எனப் பல சேர்ந்தே அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலக்கும் இமிடாகுளோபிரிட் அவை அனைத்தையுமே தாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் அதைத் தடைசெய்தது இதனால்தான். பந்தலுக்கு மருந்து தவிர்க்க முடியாத நாளில், பூக்கள் மூடியபின் மாலையில் மட்டும் அடியுங்கள். அதற்குமுன் ஒரு வாரம், காலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை, பெண் பூக்களில் எவையெவை வந்து அமர்கின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.