முதல் மன்னருக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மேற்கு ஆப்பிரிக்கா பற்றிய உங்கள் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். என் கல்லூரித் தோழன் நைஜீரியாவில், வாரி நகருக்குப் பக்கத்தில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். அவனோடு வேலை பார்ப்பவர் உர்ஹோபோ இனத்தவர், ஒக்பே அரசைச் சேர்ந்தவராம். "எங்கள் மன்னர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்" என்று பெருமையாகச் சொல்கிறாராம். குடியரசு நாட்டில் மன்னர் எப்படி? ராணுவத்தில் ஓய்வுபெற்று வந்து ஒருவர் முடிசூடுவது எப்படி? இதைவிட வேடிக்கை, அவர்களுடைய முதல் மன்னருக்கும் இரண்டாம் மன்னருக்கும் நடுவே நூற்றைம்பது வருடம் போல மன்னரே கிடையாதாம். அப்புறம் அது என்ன அரசு? வெள்ளைக்காரன் செய்து வைத்த பொம்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் மன்னர் மானியத்தை 1971-இலேயே ஒழித்துவிட்டோம். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தோழரின் சகா சொன்னது அத்தனையும் சரி. மன்னரின் பெயர் முதலாம் ஒர்ஹுவே. முடிசூடும் முன் மேஜர் ஜெனரல் ஃபெலிக்ஸ் முஜாக்பெருவோ. 1999-இல் சியரா லியோனில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப் படைக்குத் தளபதியாக இருந்தவர். 2006-இல் ஒக்பேயின் ஒரோஜே ஆனார். ஒரோஜே என்பது அங்கே மன்னருக்கான பட்டம். மற்ற உர்ஹோபோ அரசுகள் பலவற்றில் ஓவியே என்பார்கள்.

உர்ஹோபோ மக்களுக்கு ஒரே மன்னர் என்று எப்போதும் இருந்ததில்லை. நைஜர் டெல்டாவின் மேற்கே, இன்றைய டெல்டா மாநிலத்தில், இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனி அரசுகளாக இருக்கிறார்கள். அக்போன், உகெல்லி, ஒலோமு, உடு, உவ்வியே என்று பட்டியல் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூதாதை, அவர் பிள்ளைகள் கிளை கிளையாகக் குடியேறிய ஊர்கள். ஒக்பேக்காரர்களில் ஒரு சாரார் தாங்கள் உர்ஹோபோவே அல்ல, தனி இனம் என்பார்கள். மொழி வேறுபடுவது உண்மைதான். உங்கள் தோழரின் சகா தன்னை உர்ஹோபோ என்று சொல்லிக்கொள்பவர் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். வேறொரு ஒக்பேக்காரரிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட வேண்டாம் என்று தோழரிடம் சொல்லுங்கள்.

சரி, மன்னர் இல்லாத காலத்துக்கு வருகிறேன். ஒக்பேயின் வாய்மொழி வரலாற்றில் நான்கு சகோதரர்கள் வருகிறார்கள்: ஒர்ஹுவே, ஒர்ஹோரோ, எவ்ப்ரெகே, எசேஸி. இவர்கள் வழியில் வந்தவைதான் இன்றைய நான்கு அரச கிளைகள். தலைநகர் ஒரெரொக்பே. எசேஸி முதல் ஒரோஜே ஆனார். கொடுமை தாங்காமல் குடிகளே அவரைக் கொன்றுவிட்டார்கள். இதைப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அதன் பிறகு மக்கள் தலைநகரை விட்டுச் சிதறி, காட்டை அழித்துப் புதுப்புது ஊர்களைக் கட்டிக்கொண்டார்கள். ஒரெரொக்பே தாய் ஊராக மட்டும் மிஞ்சியது. அரியணையில் யாரும் உட்காரவில்லை.

அதனால் நாடு நாதியற்றுப் போய்விடவில்லை. உர்ஹோபோ ஊர் எதிலும் அன்றாட நிர்வாகம் மன்னரை நம்பி நடப்பதில்லை. ஊரின் மூத்த ஆண் முதல் இடத்தில் இருப்பார். அவரைச் சுற்றி மூத்தோர் அவை, பட்டம் பெற்றவர்கள், அவை சார்பாகப் பேசுவதற்கென்றே ஒட்டோட்டா என்ற பேச்சாளர். ஊரே வயது வாரியாகக் குழுக்களாகப் பிரிந்திருக்கும். இளையவர்கள் பாதை வெட்டுவார்கள், அடுத்தவர்கள் சண்டைக்குப் போவார்கள், முதியவர்கள் வழக்குத் தீர்ப்பார்கள். ஊரில் பிறந்த பெண்களுக்கும் ஊருக்கு வாழ வந்த பெண்களுக்கும் தனித்தனிக் கூட்டங்கள். காலி அரியணையோடு ஐந்தாறு தலைமுறை ஓட்ட இது போதுமானதாக இருந்தது. என்றாலும் நான்கு கிளைகளில் யார் எந்தக் கிளை என்பதை யாரும் மறக்கவில்லை. அந்த நினைவைத்தான் நான் அரசு என்று எண்ணுகிறேன். ஆள் இல்லை, ஆனால் உரிமைக்காரர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிறகு ஏன் திடீரென்று மன்னர் தேவைப்பட்டார்? காரணம் நிலம். சப்பேலே என்ற துறைமுக நகரம் ஒக்பே மண்ணில் இருக்கிறது. கிடார் செய்கிறவர்கள் சொல்லும் சப்பேலே மரத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அதுதான். பிரிட்டிஷார் 1891-இலேயே அங்கே துணைத் தூதரகம் அமைத்துவிட்டார்கள். அப்போது அந்த ஆறுகளில் வணிகம் முழுக்க இட்செகிரி என்ற அண்டை இனத்தின் பெரும்புள்ளிகள் கையில். அவர்களில் டோரே நூமா என்பவரை பிரிட்டிஷார் தங்கள் பிரதிநிதியாகவே வைத்துக்கொண்டார்கள். உர்ஹோபோ ஊர்கள் மீதும் அவர் அதிகாரம் நீண்டது. சப்பேலே நிலத்தை பிரிட்டிஷ் அரசுக்குக் குத்தகைக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஒக்பேக்காரர்களுக்கு வயிறு எரியாதா?

1932-இல் டோரே நூமா இறந்தார். இங்கே ஒரு தகவலைக் கவனியுங்கள், நான் இதில் நெடுநேரம் நின்றுவிட்டேன். இட்செகிரிகளின் அரியணையும் 1848 முதல் காலியாகவே கிடந்தது! 1936-இல் இரண்டாம் கினுவா முடிசூடியபோதுதான் அது நிரம்பியது. ஒக்பே தரப்பு சப்பேலே நிலத்துக்காக அந்த மன்னர் மேலேயே வழக்குப் போட்டு, 1940களின் தொடக்கத்தில் வென்றது. 1945-இல் ஒக்பேயும் தனக்கு ஒரு ஒரோஜேயை முடிசூட்டிக்கொண்டது. அவர் இரண்டாம் எசேஸி. தங்கள் மூதாதையர் கொன்ற மன்னரின் பெயரையே அவருக்கு வைத்தார்கள்.

இந்த வரிசையைப் பார்த்தால் உங்கள் பொம்மைக் கருத்தில் பாதி நியாயம் இருப்பது புரியும். உள்ளூர் தலைவர்கள் வழியாக ஆள்வது பிரிட்டிஷ் முறை. தலைவர் இல்லாத சமூகத்தின் சார்பில் யாரிடம் பேசுவது என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரியாது. ஆனால் பொம்மையைச் செய்தவன் வெள்ளைக்காரன் என்பதை நான் ஏற்கமாட்டேன். பக்கத்து வீட்டில் அரசர் வந்துவிட்டார், நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பட்டமுள்ளவர் பேச்சுதான் எடுபடுகிறது, நமக்கும் ஒருவர் வேண்டும் என்று ஒக்பேக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அதுவும் நில வழக்கில் வென்ற பிறகு, தங்கள் நான்கு கிளைகளுக்குள்ளேயே ஆளைத் தேடினார்கள். பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 1952-இல் மறுபடி பார்க்கலாம். இட்செகிரி மன்னரின் பட்டம் 'இட்செகிரியின் ஒலு' என்பதிலிருந்து 'வாரியின் ஒலு' என்று மாற்றப்பட்டபோது, வாரி மாகாணம் முழுக்க அவருக்குச் சொந்தமா என்று உர்ஹோபோக்கள் கொதித்தார்கள். கடைசியில் அரசாங்கம் மாகாணத்தின் பெயரையே டெல்டா என்று மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைய மாநிலத்தின் பெயரும் டெல்டாதான்.

மேஜர் ஜெனரல் விஷயம் எளிது. அப்பாவுக்குப் பின் மூத்த மகன் என்ற முறை அங்கே இல்லை. கிளைகளுக்குள் முறை சுற்றி வரும். முறை வந்த கிளை தனக்குள் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கும். எனவே வருங்கால மன்னர் அதுவரை படையிலோ அலுவலகத்திலோ ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருக்கலாம். மேலிடத்தில் நாலு பேரைத் தெரிந்தவர் என்றால் ஊருக்கும் லாபம்.

குடியரசில் இவருக்கு என்ன அதிகாரம் என்றால், சட்டப்படி ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லை. 1999 அரசியல் சட்டம் இவர்களுக்கு அப்படி எதுவும் தரவில்லை. ஆனால் செங்கோலை மாநில ஆளுநர் கையால் வாங்குகிறார்கள், அதாவது அரசாங்கமும் அவர்களை ஏற்றுக்கொள்கிறது. நம் மானிய ஒழிப்போடு இதை ஒப்பிடுவது சரியாக வராது என்று நினைக்கிறேன். நம் சமஸ்தான மன்னர்கள் நிலப்பரப்பை ஆண்டவர்கள், அது போனதும் வேலை போயிற்று. ஒரோஜே எந்தக் காலத்திலும் அப்படிப் பெரிதாக ஆண்டதில்லை. எண்ணெய்க் குழாய் நிலத்தைக் கடக்கும்போதும், நில எல்லையில் அடுத்த இனத்தோடு தகராறு வரும்போதும், நிறுவனமும் அரசும் தேடிப்போய்ப் பேச ஒரு வாசல் வேண்டும். வாரி விமான நிலையம்கூட ஒக்பே மண்ணில், ஒசுபியில்தான் இருக்கிறது. அந்த வாசல் ஊருக்கு எப்போதும் நல்லதே செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய்ப் பணம் புழங்கும் இடத்தில் அரண்மனைகள் மீது முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தைக் கேட்டுச் சொல்லுங்கள். 1945-க்குப் பிந்தைய ஒரோஜேக்களின் பெயர்கள் இரண்டாம் எசேஸி, முதலாம் ஒர்ஹோரோ, முதலாம் ஒர்ஹுவே. மூவருமே தங்கள் கிளையின் பெயரையே சூடியிருக்கிறார்கள். எவ்ப்ரெகே என்ற பெயர் இந்த வரிசையில் இன்னும் வரவில்லை. உங்கள் தோழரின் சகா எந்தக் கிளை?